சாயங்கால முறை

மே 25, ஞாயிறு

மாதக் கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மனசு நிறைந்திருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சருக்கு வருகிற வாரம் பாளையங்கோட்டையில் முழங்கால் மாற்று ஆபரேஷன். எழுபது வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

"நான் ஒரு ஆளு வச்சுக்கிடுதேன். உங்களுக்கெல்லாம் எதுக்குத் தொந்தரவு?" என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து பேசினேன். "ஆளு வைக்கதுக்கா இங்க வந்து வீடு கட்டினோம்? வயசான காலத்துல பிள்ளைகளை எதிர்பாக்காம ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்போம்னுதான ஏழு குடும்பம் சேந்து நிலம் வாங்கினோம்? வீடு தனி, அடுப்பு ஒண்ணுன்னு இருக்கோம். மூணு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தருக்கு நம்ம உதவி வேண்டியிருக்கு. இதுல போய் சம்பளத்துக்கு ஆளு வச்சா ஊரு சிரிக்கும். சாயங்காலம் பூரா என் முறை. நான் பாத்துக்கிடுதேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் உலகநாதன் சார், கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், "கூட்டாஞ்சோறுன்னு பேரு வச்ச வாய் வேற எப்படிப் பேசும்?" என்றார். இந்த இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். தென்காசி மினி பஸ் கண்டக்டர் "சோத்துக் காலனி எறங்கு" என்று கத்துவது வேறு விஷயம்.

நாலாம் வீட்டு சென்னியப்பன் சார் ஒருத்தர்தான் மறுத்தார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்தவர், ஈரோட்டுப் பக்கம், மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். "இதை உணர்ச்சிவசப்பட்டு முடிவு பண்ணாதீங்க. அவங்களைப் பிடிச்சு நடத்தோணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகோணும். நமக்கெல்லாம் அறுபதுக்கு மேலீங்க. இந்த வேலை பழகின ஆளு ஒருத்தரை வச்சுப் போடலாமுங்க" என்றார். மரியாதையாகப் பேசியே மனுஷரை வெட்டுவார். முகம் சுளிக்காதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் காலை முறையை அவரேதான் கேட்டு எடுத்துக்கொண்டார்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரிட்டி வடிவு. உன் இஷ்டம்" என்றார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

டீச்சர் வந்துவிட்டார்கள். வாசலில் கோலம் போட்டு வரவேற்றோம். எதிர்வீட்டு மைமூன் நோன்புக் கஞ்சி மாதிரி ஒரு கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். இவுக, அதாவது என் வீட்டுக்காரர், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாக. சாரல் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை. அப்பளமெல்லாம் நமத்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு வாரம் ஓடிவிட்டது. காலையில் சென்னியப்பன் சார் வந்து, டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்ய வைத்துவிட்டுப் போகிறார். டீச்சர் வலிக்குது என்றாலும் விடமாட்டாராம். "மனுஷன் டிரான்ஸ்பார்மரைப் பாக்க மாதிரி என் காலைப் பாக்காரு" என்று டீச்சர் சிரித்தார்கள். மத்தியானம் மைமூன். சாயங்காலம் நான்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு டீச்சர் முற்றத்தில் நடக்க, நான் பக்கத்தில் நடந்தேன். அதை இவுக போனில் படம் எடுத்தாக. மதுரையில் இருக்கும் என் தங்கச்சிக்கு அனுப்பினேன். "பாத்தியா எங்க ஊரை" என்று எழுதினேன். அவள் நாலைந்து பூ போட்டு அனுப்பினாள்.

ஜூன் 21, சனி

கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, கழுவிவிடுவது எல்லாம் என் நேரத்தில்தான் வருகிறது. டீச்சர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் சிரித்துப் பேசிக்கொண்டே செய்கிறேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். இவுக வந்து குழாயை மூடிவிட்டு, "தண்ணி தீந்துரும் வடிவு" என்றாக.

இன்று பொது அடுப்படியில் சொதிக் குழம்பு. தேங்காய் திருகியது நான்தான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்றைக்கு டீச்சர் என்னைப் பேசின பேச்சை எழுதினால்தான் ஆறும்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி டீச்சரின் அண்ணன் மகளுக்கே போயிருக்கிறது. "பக்கத்து வீட்டுத் தெய்வங்கள்" என்று யாரோ மேலே எழுதி வேறு அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் டீச்சர் நைட்டியோடு, தலை கலைந்து, வாக்கரைப் பிடித்து நிற்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

"நாப்பது வருஷம் சேலை மடிப்புக் கலையாம பிள்ளைகளுக்கு முன்னால நின்னவ நான். என்னை இந்தக் கோலத்துல ஊருக்குக் காட்டி நீ பேரு வாங்குதியா? புண்ணியத்துக்கு வாரவ எனக்கு வேண்டாம். உனக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. நான் ஆளு வச்சுக்கிடுதேன்."

தெரியாமல் நடந்தது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைகூடச் செய்யாததை நான் செய்கிறேன். அதற்கு இது கூலி.

முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்ல?

ஜூன் 27, வெள்ளி

இன்று சாரல் இல்லை. நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

எஸ்தர் டீச்சர் குளியலறையில் விழுந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். மைமூன் கூடப் போயிருக்கிறாள்.

ஜூன் 28, சனி

ஆபரேஷன் செய்த காலிலேயே தொடை எலும்பு முறிந்திருக்கிறது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடியும் ஆபரேஷன். மைமூன் இரவுச் சாப்பாடு கொடுக்கப் போனபோதுதான் பார்த்திருக்கிறாள். அதுவரைக்கும் தரையில் கிடந்திருக்கிறார்கள். இருட்டிவிட்டது, விளக்குகூடப் போடவில்லை, அதனால்தான் சந்தேகப்பட்டு உள்ளே போனேன் என்றாள்.

எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். எனக்கு மத்தியானத்திலிருந்தே தலைவலி. சென்னியப்பன் சார் வெளியே நின்றார். "இன்னைக்கு ஒரு நாள் டீச்சரைப் பாத்துக்கிடுங்க சார், எனக்கு முடியலை" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். அவரும் சரி என்று கையைக் காட்டினார்.

இதுதான் நடந்தது.

ஜூலை 2, புதன்

அவசரக் கூட்டம். நான் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இவுக, "போகலைன்னா நல்லாருக்காது" என்றாக.

உலகநாதன் சார் ரொம்ப வருத்தமாகப் பேசினார். பிறகு, "சென்னியப்பன் சார், வடிவம்மா உங்ககிட்ட பொறுப்பை ஒப்படைச்சிருக்காங்க. என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

சென்னியப்பன் சார் என்னைப் பார்த்தார். நான் என் சேலைத் தலைப்பைப் பார்த்தேன்.

"அம்மா சொன்னேன்னு சொன்னாங்கன்னா சொல்லியிருப்பாங்க. எனக்குச் சரியாத் தெரியலீங்க" என்றார்.

"தெரியலைன்னா எப்படி? ஒரு மனுஷி தரையில கெடந்திருக்காங்க."

"தெரியுமுங்க."

"ஆரம்பத்துலயே உங்களுக்கு இதுல மனசு இல்ல" என்றார் உலகநாதன் சார்.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். பொதுத் தோட்டத்தில் காய் பறித்ததற்கு அவர் கணக்குக் கேட்டது, உலகநாதன் சார் பேரன் பிறந்தநாளுக்குப் பாட்டு சத்தத்தைக் குறைக்கச் சொன்னது எல்லாம் வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மைமூன் மட்டும், "ஒருவேளை அவருக்குக் கேக்காம இருந்திருக்கும்" என்றாள்.

"கையைக் காட்டினார்னு வடிவம்மா சொல்றாங்களே" என்றார் உலகநாதன் சார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கையைக் காட்டியது உண்மை.

ஜூலை 5, சனி

தோசைக்கு அரைத்தேன். மாவு பொங்கவில்லை. சாரல் விடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நடக்கிறது. பொதுச் சாப்பாட்டு மேஜையில் சென்னியப்பன் சார் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மோர் எடுக்க எழுந்து, திரும்பி வந்து வேறு இடத்தில் உட்காருகிறார்கள். தோட்ட வேலை, மோட்டார் போடுகிற வேலை எல்லாவற்றையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். "அவருக்கு எதுக்குச் சிரமம்?" என்று உலகநாதன் சார் மரியாதையாகத்தான் சொன்னார்.

இன்று மத்தியானம் அவர் தட்டோடு வந்து நின்றார். மேஜையில் என் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் காலி. அவர் அதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் என் பையை எடுத்து அதில் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான்.

அவர் ஜன்னல் பக்கம் இருந்த குட்டை மேஜையில் தட்டை வைத்து, குனிந்து சாப்பிட்டார்.

ஜூலை 14, திங்கள்

டீச்சரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். உலகநாதன் சார் காரில் நாலைந்து பேர் போனோம். டீச்சர் வலி மருந்தின் பாதி மயக்கத்தில் இருந்தார்கள். எல்லாரையும் பார்த்தார்கள். "வந்தியா" என்று என்னைக் கேட்டார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

டீச்சருக்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரியாது. உடம்பு தேறுகிறவரைக்கும் சொல்ல வேண்டாம் என்று உலகநாதன் சார் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருப்பார்களாம்.

ஜூலை 19, சனி

குரங்குகள் பொது அடுப்படிக்குள் புகுந்து பருப்பு டப்பாவைக் கவிழ்த்துவிட்டன. பெருக்கி அள்ளவே காலை போய்விட்டது.

புல் வெட்டுவதற்கு வெளியாள் வந்தான். முன்பெல்லாம் சென்னியப்பன் சார்தான் அந்த மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவார். அது போடுகிற சத்தத்தில் இவுக என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

அன்றைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சார் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். நான் எங்கள் வாசலிலிருந்துதான் சொன்னேன், கிட்டத்தில் போகவில்லை. அவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜூலை 30, புதன்

சென்னியப்பன் சார் போய்விட்டார். பெருந்துறையில் தம்பி வீட்டுக்கு. வீட்டை விற்கச் சொல்லிவிட்டார். ஒரு சின்ன லாரி வந்தது. கட்டில், பீரோ, மனைவி படம், அவ்வளவுதான்.

உலகநாதன் சார் கை கொடுத்து, "எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றார். அவரும் "ஆகட்டுமுங்க" என்றார். புல் வெட்டும் மெஷின் அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெட்ரோலோடு எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று இவுகளிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

என்னிடம் வந்தார்.

"டீச்சர்கிட்ட சொல்லுங்கம்மா. காலைப் பயிற்சியை விட்றக் கூடாதுன்னு."

"சொல்லுதேன் சார்" என்றேன்.

லாரி திரும்புகிறவரைக்கும் நின்றேன். உள்ளே வந்து காய்ந்த துணியை மடித்தேன். ஒரே துணியை இரண்டு முறை மடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். பரணைச் சுத்தம் பண்ணினேன். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டேன்.

எனக்கு அன்றைக்குத் தலைவலி இல்லை.

கோபம். முந்தின நாள் பேசின பேச்சு. இன்றைக்கு ஒரு நாள் நான் போகாவிட்டால்தான் என் அருமை தெரியும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. ஒரு நாளாவது அந்தக் கழிப்பறைக்குள் போகாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. சென்னியப்பன் சாருக்குக் கேட்டிருக்காது என்று கதவைச் சாத்தும்போதே எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் கை போதுமாக இருந்தது.

கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் போன் பண்ணினார்கள். அவர்கள் பெயர் தெரிந்தது. கொஞ்ச நேரம் அடிக்கவிட்டேன். பிறகு பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் தாங்களாகவே எழுந்து குளியலறைக்குப் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த மாசக் கடைசியில் டீச்சர் திரும்பி வருகிறார்களாம். இந்த முறை கூடவே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். யாரிடமும் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார்கள்.

காப்பி குடிக்கும்போது இவுகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவலி, மெஷின், போன். சொல்லி முடித்து அழுதேன்.

இவுக தம்ளரைக் கீழே வைத்தாக. "எனக்குத் தெரியும்" என்றாக.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண உன் போனைத்தான எடுத்தேன். டீச்சர் கூப்பிட்டது அதுல நின்னுச்சு. நான் டீக்கடையில இருந்து வரும்போது நீ முழிச்சுக்கிட்டுதான் இருந்த."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா பிறகு நாம இங்க எப்படி இருக்கது? வேற எங்க போவோம், வடிவு? இருக்கதெல்லாம் இதுல போட்டாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மனுஷனுக்கு இருந்துக்கிட தம்பி வீடு இருக்கு" என்றாக.

முப்பத்தைந்து வருஷம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். எனக்காகத்தான் இவுக பேசாமல் இருந்திருக்காக. அதை நினைக்க நினைக்க எனக்குக் கூசியது. ஒருத்தரை வெளியே தள்ள நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்திருக்கிறோம்.

"நான் கூட்டத்துல சொல்லப் போறேன்" என்றேன்.

இவுக எழுந்து தம்ளரைக் கழுவப் போனாக. "சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்" என்று அங்கிருந்தே சொன்னாக.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாதக் கூட்டம், எல்லாரும் இருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்ததைச் சொல்லும்போது இவுக தண்ணீர் எடுத்துக் கொடுத்தாக.

காத்திருந்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். இங்கிருந்து போ என்பார்கள் என்றுகூட நினைத்தேன்.

உலகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! வடிவம்மா, நாமெல்லாம் மனுஷங்கதான். தொடர்ந்து பார்த்துக்கிட்டதுல களைச்சுப் போயிருந்தீங்க. அந்த மாதிரி ஒரு நாள் யாருக்கும் வரும்" என்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லாரும் தட்டினார்கள். இரண்டு பேர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

நான் பதறிப்போய், "அப்ப சென்னியப்பன் சார்?" என்று கேட்டேன்.

"அவர் போனதுக்கு இது மட்டுமா காரணம்? அவர் குணத்துக்கு இந்த மாதிரி இடம் ஒத்துவராது. அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க" என்றார் உலகநாதன் சார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் செய்யாததை இவர்கள் மன்னிக்கவில்லை. நான் செய்ததை, முகத்தைத் துடைத்து முடிக்கும் முன்னாலேயே மன்னித்துவிட்டார்கள். என்னைப் பிடிக்கும், அவரைப் பிடிக்காது. அவ்வளவுதான்.

பாயசம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார்கள்.

மைமூன் கைதட்டவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "எங்ககிட்ட சொல்லிட்டீங்க வடிவக்கா. சரி. அவர்கிட்ட யாரு சொல்லப் போறா?" என்றாள். அவள் கோபமாகக்கூட இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சென்னியப்பன் சாருக்குப் போன் பண்ணினேன். இரண்டு தரம் பாதியில் வைத்துவிட்டு, மூன்றாவது தரம் பேசினேன்.

"சொல்லுங்கம்மா. டீச்சர் நல்லா இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

சொன்னேன். அன்றைக்கு நடந்ததையும் சொன்னேன். பின்னால் ஏதோ மாட்டுச் சத்தம் கேட்டது.

"நீங்க வாசல்ல நின்னு ஏதோ சொல்றது தெரிஞ்சுதுங்க" என்றார். "கிட்ட வராதீங்க, கல்லு தெறிக்கும்னுதான் கையைக் காட்டினேன். அந்த மெஷினை நிறுத்தினா திரும்பக் கிளப்பறது பெரிய பாடுங்க. வெட்டி முடிச்சிட்டு வந்து கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். முடிச்சப்புறம் மறந்து போச்சுங்க. நிறுத்திப்போட்டு என்னன்னு கேட்டிருந்தா டீச்சர் விழுந்திருக்க மாட்டாங்க. அதனாலதான் கூட்டத்துல வாயைத் தொறக்கலீங்க. எம் பேர்லயும் தப்பிருக்குதுன்னு நினைச்சேன்."

இரண்டு மாதமாக அவரும் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"திரும்பி வந்துருங்க சார். வீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கலை. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. "என்னை மன்னிச்சுட்டாங்க" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "நல்லதுங்க" என்றார். பிறகு, "அந்தக் குட்டை மேஜையில தனியா ஒக்காந்து சாப்பிட்டது மறக்கமாட்டேங்குதுங்கம்மா. கோவமெல்லாம் இல்லீங்க. அங்க வந்தா சோறு எறங்காது. நீங்க கூப்பிட்டுச் சொன்னீங்களே, அது போதுமுங்க."

"சார், அந்த நாற்காலியில பையை..."

"விடுங்கம்மா. போனை வெச்சர்றேனுங்க."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டீச்சர் வந்துவிட்டார்கள். மெலிந்துவிட்டார்கள். கூட வந்திருக்கும் பெண்ணுக்கு முப்பிடாதி என்று பெயர், சுரண்டைக்காரி, வாட்டசாட்டமாக இருக்கிறாள். மைமூன் டீச்சரிடம் எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டாளாம். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று போனேன்.

முப்பிடாதியை வெளியே அனுப்பிவிட்டு, "உக்காரு" என்றார்கள். சொல்லத் தொடங்கினேன். போன் அடித்ததில் வந்து நின்றுவிட்டேன்.

"உன் போன் அடிக்கது இந்தச் சுவர் வழியா எனக்குக் கேட்டுதுட்டி" என்றார்கள் டீச்சர். "பாதியில அமுங்கிட்டுது. தானா நின்னா முழுசா அடிச்சு நிக்கும். அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ உள்ளதான் இருக்கேன்னு. அந்தக் கோவத்துலதான் எந்திரிச்சேன். இவ இல்லாட்டா என்ன, என்னால முடியாதான்னு."

நான் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ நீயே சொல்லுவன்னு பாத்தேன். ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டு ஓடிட்ட. சரி, அது உனக்கும் எனக்கும் உள்ளது, மெதுவாப் பேசிக்கிடலாம்னு இருந்தேன். நடுவுல அந்த மனுஷனைப் பலி போட்டிருக்கீங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலையே! தெரிஞ்சிருந்தா ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே வந்து சொல்லியிருப்பேன்."

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்று காலைத் தொடக் குனிந்தேன். சட்டென்று காலை இழுக்கப் பார்த்து வலியில் முகம் கோணினார்கள். நான் பயந்து நிமிர்ந்தேன்.

"உலகநாதன் மன்னிச்சுட்டாராமே. ஒடஞ்சது அவரு காலா?" என்றார்கள். பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்கு இன்னும் கோவம் இருக்கு, வடிவு. இல்லைன்னு சொன்னா பொய். அது தீருதப்போ தீரும். அதுக்காக அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிட்டுப் போக முடியுமா? வா. வந்து உக்காந்து பேசிட்டுப் போ."

செப்டம்பர் 6, சனி

சாரல் குறைந்துவிட்டது. தினமும் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. முற்றத்தைப் பார்க்கிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசுகிறோம். பேச்சு இன்னும் சரளமாக வரவில்லை. இன்றைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, காலைப் பயிற்சியை விடக் கூடாது என்று சென்னியப்பன் சார் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன். டீச்சர் கீரைக்காம்பை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், "அவரு நம்பரைக் குடு" என்று வாங்கிக்கொண்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார்கள். முப்பிடாதி அடுப்படியில் இருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்ததால் சட்டென்று எழுந்து கையை நீட்டினேன்.

டீச்சர் என் கையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கையை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"முப்பிடாதி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்கள்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் என் நாற்காலியை ஓரமாக இழுத்துப்போட்டு, அவர்கள் போக வழிவிட்டு நின்றேன்.